பெயர் தெரியாதவர்களின் கதை: வடதுருவத் தொல்காலப் புனைவுக்கு ஓர் எளிய அறிமுகம்

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் 1986-ல் நடந்த அகழாய்வில் ஒரு கொத்துத் தலைமுடி கிடைத்தது. உறைந்த மண்ணுக்குள் ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் கிடந்த முடி அது. அதிலிருந்து ஒரு மனிதரின் மரபணுத் தொகுதியில் பெரும்பகுதியை 2010-ல் ஆய்வாளர்கள் படித்துவிட்டார்கள். ஆண். சக்காக் என்று இன்று நாம் அழைக்கும் தொல்பண்பாட்டைச் சேர்ந்தவர். பழுப்புக் கண், அடர்ந்த கறுத்த முடி, வழுக்கை விழும் வாய்ப்பு, ஏ பாசிட்டிவ் ரத்தம். காதுக் குறும்பி உலர்ந்த வகை என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

ஆனால் அவர் பெயர் தெரியாது. அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிட்டார், எதைக் கண்டு பயந்தார், அந்த முடியை வெட்டிவிட்டது யார், எதுவும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. காதுக் குறும்பி வரைக்கும் தெரிந்த ஒருவரின் மனதுக்குள் போக நமக்கு இருக்கும் ஒரே வழி கற்பனைதான். தொல்காலப் புனைவு என்ற நாவல் வகை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அரசர்களைப் பற்றிச் சரித்திர நாவல் எழுதுபவருக்குக் கல்வெட்டு, பட்டயம், பயணிகளின் குறிப்பு என்று ஏதாவது கைவசம் இருக்கும். ஆட்சி ஆண்டும், போர் நடந்த ஊரும் ஏற்கெனவே இருக்கும். அவற்றுக்கு நடுவே கதாபாத்திரங்களை நடக்கவிட்டால் போதும். தொல்காலப் புனைவில் அந்தச் சட்டகமே கிடையாது. எழுத்து இல்லாத காலத்து மனிதர்களைப் பற்றி, அவர்கள் விட்டுப்போன எலும்பு, கல், சாம்பல் இவற்றைக் கொண்டும், வழிவந்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளைக் கொண்டும் எழுதும் நாவல் இது. இந்தக் கட்டுரையில் வட அமெரிக்காவின் வடகோடி மக்களைப் பற்றிய புனைவை மட்டும் பார்ப்போம். அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து.

முதலில் 'வரலாற்றுக்கு முந்தைய' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது எழுத்து வருவதற்கு முந்தைய காலம் என்று மட்டும்தான் பொருள்படும். வரலாறே இல்லாத காலம் என்று பொருள் அல்ல. அந்தக் காலம் எல்லா இடத்திலும் ஒரே நாளில் முடிந்ததும் இல்லை. கிரீன்லாந்தின் கிலாகிட்சோக் என்ற இடத்தில் 1972-ல் எட்டுப் பேரின் உடல்கள் பாறை இடுக்கில் பதப்பட்ட நிலையில் கிடைத்தன. ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். அவர்கள் இறந்தது ஏறக்குறைய 1475-ல். ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்ட காலம். ஆனாலும் அவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. ஆகவே அவர்களைப் பற்றி நாவல் எழுதினால் அதுவும் தொல்காலப் புனைவுதான்.

பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடக்கில் வாழ்பவர்கள் எல்லோரையும் 'எஸ்கிமோ' என்று ஒரே சொல்லில் அடைத்தது வெளியாட்களின் பழக்கம். அந்தச் சொல்லைப் பலர் இழிவாகவே கருதுகிறார்கள். கனடா, கிரீன்லாந்து, வட அலாஸ்கா மக்கள் இனுவிட் இனத்தவர். அந்தச் சொல்லுக்கு 'மனிதர்கள்' என்று பொருள், ஒருமையில் இனுக். மேற்கு அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் வேறு. அலூஷியன் தீவுகளின் உனங்கன் மக்கள் வேறு. உள்நாட்டுக் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் வாழும் அதபாஸ்கன் மக்கள் முற்றிலும் வேறு மொழிக் குடும்பம். ஒரு நாவல் இவர்களைக் கலந்துகட்டி எழுதியிருந்தால், ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

காலம் எவ்வளவு நீளமானது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே நிலமாக இருந்தன. அந்த நிலத்தைப் பெரிஞ்சியா என்கிறோம். அந்த உலகத்து மக்களின் வழிவந்த ஒரு கைக்குழந்தையின் எலும்பு, அலாஸ்காவின் தனானா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2013-ல் கிடைத்தது. 11,500 ஆண்டுகளுக்கு முன் இறந்த பெண் குழந்தை. பக்கத்திலேயே இன்னொரு சிசு. இருவர் மேலும் செங்காவி தூவி, மான்கொம்பில் செய்த ஈட்டித் தண்டுகளைக் கூட வைத்துப் புதைத்திருந்தார்கள். அதே இடத்து அடுப்பில் சால்மன் மீன் எலும்புகளும் கிடைத்தன. அங்கே வாழும் பழங்குடி மக்கள் அவளுக்குத் தங்கள் மொழியில் 'சூரிய உதயப் பெண்குழந்தை' என்று பெயர் வைத்தார்கள். பால் குடிக்கும் குழந்தைக்கு வேட்டைக் கருவியைத் துணைக்கு அனுப்பிய அந்தக் குடும்பத்தைப் பற்றி யோசித்தால், நாவல் எழுதத் தெரியாதவருக்கும் எழுதத் தோன்றும்.

ஆனால் எனக்கு இந்த வகைப் புனைவுக்கு மிகப் பொருத்தமான களம் என்று படுவது அவ்வளவு பழையது இல்லை. கி.பி. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில், கனடாவின் வடதீவுகளில் இரண்டு மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்த, அல்லது பார்க்கத் தவறிய, அந்தக் காலம்தான்.

முதலாமவர்களைத் தொல்லியலாளர்கள் டோர்செட் பண்பாட்டினர் என்கிறார்கள். வட கனடாவின் கேப் டோர்செட் என்ற ஊரிலிருந்து (இன்று கின்னைட்) வந்த பொருட்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டயமண்ட் ஜென்னஸ் 1925-ல் வைத்த பெயர் அது. இவர்களின் முன்னோர் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியப் பக்கமிருந்து வந்தவர்கள். சக்காக் மனிதரும் அந்தப் பெருங்கிளையைச் சேர்ந்தவர்தான். டோர்செட் மக்கள் பெரும்பாலும் கடற்பனியின் மேல் வேட்டையாடினார்கள். மாக்கல்லில் விளக்கு குடைந்தார்கள். கற்களை வரிசையாக அடுக்கி நீண்ட கூடங்கள் எழுப்பினார்கள். சில 40 மீட்டரைத் தாண்டும். விரல் நீளத் தந்தத்தில் அவர்கள் செதுக்கிய பனிக்கரடிகள் நீந்துகின்றனவா பறக்கின்றனவா என்று சொல்ல முடியாதபடி உடலை நீட்டிக் கிடக்கும். அவ்வளவு நுட்பமான கை. ஆனால் அவர்களிடம் வில்லும் அம்பும் இல்லை. முன்னோரிடம் இருந்தது, எப்படியோ கைவிட்டுப் போயிற்று. துளைபோடும் சுழல்கருவியும் இல்லை. ஊசியின் காதைக்கூடக் கீறிக் கீறித்தான் திறந்தார்கள். அவர்களின் குடியிருப்புகளில் நாய் எலும்பு மிக அரிது.

இரண்டாமவர்கள் தூலே பண்பாட்டினர், இன்றைய இனுவிட் மக்களின் நேர் முன்னோர். அலாஸ்காவின் வடகரையிலிருந்து கிழக்கே வந்தவர்கள். நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி, ஒற்றை ஆள் ஓட்டும் கயாக், பலர் ஏறும் உமியாக் என்ற தோல்படகு, வில், துளைக்கருவி எல்லாம் கொண்டுவந்தார்கள். படகில் போய் போஹெட் திமிங்கலத்தை வேட்டையாடி, அதன் விலாவையும் தாடையையும் உத்தரமாக்கி, மேலே புல்மண் பரப்பி வீடு கட்டினார்கள். ஏன் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அதில் ஒன்று இரும்பு. கிரீன்லாந்தின் வடமேற்கில் கேப் யார்க் அருகே விழுந்துகிடந்த விண்கல் துண்டுகளைத் தட்டித் தட்டி இரும்பு எடுப்பதை டோர்செட் மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அங்கே உள்ள சவிசிவிக் என்ற ஊரின் பெயரிலேயே இரும்பு இருக்கிறது. (அந்தக் கற்களில் மிகப் பெரியது 31 டன். அமெரிக்கப் பயணி ராபர்ட் பியரி அதை 1897-ல் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு மக்களுக்குக் கத்தி கொடுத்த விண்கல்லின் துண்டு அது என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.)

டோர்செட் மக்கள் அதன்பின் மறைந்துபோகிறார்கள். 2014-ல் வெளியான மரபணு ஆய்வில் இவர்களும் தூலே மக்களும் கலந்ததற்கான தடயம் தென்படவில்லை. மண்ணும் மரபணுவும் சொல்வது இவ்வளவுதான்.

இனுவிட் மக்கள் இன்னும் சொல்கிறார்கள். தங்கள் முன்னோர் இந்த நிலத்துக்கு வந்தபோது ஏற்கெனவே அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்றும், அவர்கள் பெயர் துனீட் என்றும் பாட்டிமார் காலங்காலமாகக் கதை சொல்லி வந்திருக்கிறார்கள். துனீட் உயரமும் பலமும் உள்ளவர்கள். ஒரு இனுக் ஒரு சீல் விலங்கை இழுப்பதுபோல அவர்கள் ஒரு முழு வால்ரஸைத் தனியாக இழுத்துவிடுவார்கள். ஆனால் கூச்ச சுபாவம். சண்டை என்றால் ஓடிவிடுவார்கள். பனியில் சீல் மூச்சுவிடும் துளையருகே காத்திருக்கும்போது, குளிருக்கு விளக்கை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்களாம். 1921 முதல் 1924 வரை கனடிய வடதுருவத்தில் பயணம் செய்த டென்மார்க்-கிரீன்லாந்து ஆய்வாளர் குனுட் ராஸ்முசனின் குழு இப்படிப்பட்ட கதைகளை நிறைய எழுதிவைத்தது. 'முன்பு வேறு மக்கள் இருந்தார்கள்' என்று பாட்டிமார் சொன்னதைத் தொல்லியல் பிறகு வந்து உறுதி செய்தது.

வாய்மொழியை வெறும் கதை என்று ஒதுக்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1845-ல் புறப்பட்டுக் காணாமல்போன பிரிட்டிஷ் கடற்பயணி ஜான் பிராங்க்லினின் இரண்டு கப்பல்களில் ஒன்று எங்கே மூழ்கியது என்று இனுவிட் மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்கள். எரிபஸ் கப்பல் 2014-ல் அவர்கள் சொன்ன வட்டாரத்தில்தான் கிடைத்தது. டெரர் கப்பல் 2016-ல் கிடைத்ததற்கும் ஓர் இனுவிட் வேட்டைக்காரர் சொன்ன தகவலே வழிகாட்டியது.

ஆகவே வடக்கைப் பற்றிய புனைவில் வாய்மொழிக்கு மண்ணுக்கு நிகரான இடம் உண்டு. அதற்கு நல்ல சான்று வெல்மா வாலிஸ் 1993-ல் வெளியிட்ட 'இரண்டு மூதாட்டிகள்' என்ற சிறு நூல். அவர் அலாஸ்காவின் குவிச்சின் அதபாஸ்கன் பெண். விறகு சேர்த்துவிட்டு வந்த ஒரு நாள் அம்மா சொன்ன கதையைத்தான் எழுதினார். கொடிய பஞ்சக் குளிரில் கூட்டம் இரண்டு கிழவிகளை விட்டுவிட்டுப் போகிறது. அவர்கள் முயலுக்குக் கண்ணி வைத்து, மீனை உலர்த்திச் சேமித்து, பிழைத்துவிடுகிறார்கள். மறு குளிரில் அந்தக் கூட்டமே பசியோடு திரும்பி வருகிறது. வெளியாள் ஒருவர் இதை எழுதியிருந்தால் 'முதியோரைக் கைவிடும் காட்டுமிராண்டிகள்' என்ற பழைய அவதூறில் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். வாலிஸின் கையில் கதையின் பாரம் வேறு பக்கம் சாய்கிறது: மறந்துபோன திறமைகளை அந்த இரண்டு பேரும் கைகளுக்கு மறுபடி நினைவுபடுத்துகிறார்கள். வெளியாள் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள், நாவலை வாங்கிப் படிக்கிறார்கள் என்ற நினைவோடு எழுத வேண்டும் என்கிறேன்.

சரி, இந்த வகை நாவல்கள் எங்கே சறுக்குகின்றன? பெரும்பாலும் குளிரில்தான். எழுதுபவருக்குக் குளிர் ஓர் எதிரி. அதனால் பாத்திரங்கள் பக்கத்துக்குப் பக்கம் நடுங்கிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் அங்கே வாழ்ந்தவர்கள் நன்றாக உடுத்தியிருந்தார்கள். கரிபு மானின் ரோமம் ஒவ்வொன்றும் உள்ளே வெறுமையானது, காற்றைப் பிடித்துவைக்கும். உள்ளங்கியில் ரோமம் உடம்பைத் தொடும்படி உட்பக்கம், மேலங்கியில் வெளிப்பக்கம். சீல்தோல் காலணிக்குத் தசைநாணை நூலாக்கி, ஊசி தோலின் முழுத் தடிமனையும் ஊடுருவாதபடி தைத்தால் தையல் வழியே தண்ணீர் இறங்காது. கிலாகிட்சோக்கில் எட்டு உடல்களோடு 78 ஆடைகள் கிடைத்தன என்பதை வைத்துப் பாருங்கள், துணிமணி அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வடக்கின் தொல்காலத்தில் மனித உயிரைக் காத்த கருவி எது என்று கேட்டால் ஈட்டியைச் சொல்லமாட்டேன், ஊசியைத்தான் சொல்வேன். ஆனால் வேட்டைக்கு இருபது பக்கம் ஒதுக்கும் நாவல்கள் தையலுக்கு ஒரு பத்திகூடத் தருவதில்லை.

இன்னொரு சறுக்கல், பிற்காலத்தில் பதிவான வழக்கங்களை அப்படியே பின்னுக்குத் தள்ளிப் பொருத்துவது. கடல் விலங்கையும் நில விலங்கையும் கலக்கக் கூடாது, வால்ரஸ் வேட்டைக் காலத்தில் கரிபுத் தோலைத் தைக்கக் கூடாது என்ற விலக்குகள் 1920-களில் இக்லூலிக் இனுவிட் மக்களிடம் பதிவாயின. அதே விலக்கு 700 ஆண்டுகளுக்கு முந்தைய தூலே வீட்டில் இருந்ததாக எழுதினால் நியாயம் உண்டு. வழிவழியாக வந்த ஒரே மக்கள். மரபில் நேர்த் தொடர்பு தெரியாத டோர்செட் வீட்டில் இருந்ததாக எழுதினால் அது வேறு யாருடைய வீட்டையோ கடன் வாங்குவது. எழுதலாம், ஆனால் கடன் என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு சிறு காட்சியில் சோதித்துப் பார்ப்போம். நானே எழுதியது இது. ஒரு துனீட் பெண் (தொல்லியலின் சொல்லில் டோர்செட் பெண்), குளிர்கால வீடு.

'விளக்கில் சரிந்த திரியை அவள் எலும்புக் குச்சியால் நிமிர்த்தினாள். வெளியே தொலைவில் ஓநாய்கள் குரைத்தன. ஓநாய் ஊளையிடும், இப்படிக் குரைப்பதில்லையே என்று நினைத்தபடி மடியிலிருந்த தந்தக் கரடியை எடுத்தாள். அதன் கழுத்தில் துளை கீறி முடிக்க இன்னும் இரண்டு இரவு ஆகும். மகன் குனிந்து உள்ளே வந்தான். "அவை மனிதர்களை இழுத்துக்கொண்டு வருகின்றன" என்றான்.'

இதில் எது எங்கிருந்து வந்தது? கல்விளக்கு மண்ணிலிருந்து வந்தது. டோர்செட் வீடுகளில் கிடைத்திருக்கிறது. தந்தக் கரடியும் அப்படியே. துளையைக் கீறுவது, அவர்களிடம் சுழல்கருவி இல்லாததிலிருந்து வந்தது. நாயை ஓநாய் என்று நினைப்பது என் ஊகம்: அந்தக் குடியிருப்புகளில் நாய் எலும்பு அரிது என்பதால், கூட்டமாகக் குரைக்கும் வண்டிநாய்கள் அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இரு மக்களும் சந்தித்தார்கள் என்பதே இனுவிட் வாய்மொழியை நம்பி நான் எடுத்த முடிவு. மகன் சொன்ன வாக்கியம் முழுக்க என்னுடையது. 'இரண்டு இரவு' என்பதும்தான்; கல் உளியால் தந்தத்தைக் கீற எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒரு நாவலாசிரியர் கையால் செய்து பார்த்துவிட்டு எழுதினால் அந்த வரி இன்னும் உறுதியாக நிற்கும்.

முதல் வரியில்தான் சிக்கல். விளக்கைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் வேலை என்று ஏன் எழுதினேன்? இனுவிட் வீடுகளில் குல்லிக் என்ற சீல் எண்ணெய் விளக்கு வீட்டுப் பெண்ணின் பொறுப்பு என்று படித்ததால். அது இனுவிட் வழக்கம். துனீட் வீட்டில் யார் திரியை நிமிர்த்தினார்கள் என்று மண் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமலேயே ஒரு வீட்டின் பழக்கத்தை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மாற்றி எழுதிப் பார்த்தேன். திரியை நிமிர்த்துவது அவளுடைய தம்பி. அவள் முதலிலிருந்தே கரடியின் கழுத்தைக் கீறிக்கொண்டிருக்கிறாள். இப்போது குரைப்பு கேட்கும்போது, வெளிச்சத்தைப் பிடித்திருப்பவன் ஒருவன், கூர்மையான கருவியைப் பிடித்திருப்பவள் இன்னொருத்தி. இரண்டு பேரும் அசையாமல் கேட்கிறார்கள்.